‘இடிப்புயல்’ வேண்டாம், ‘இடிமழை’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இடியும் மின்னலுமாக வரும் ‘தண்டர்ஸ்டார்ம்’ என்ற நிகழ்வுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலாடலில் முன்வைக்கப்பட்ட ‘இடிப்புயல்’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. திருக்குறளின் 14ஆம் குறளில் ‘புயல்’ மழையைக் குறித்தது உண்மைதான். ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது, வங்கக் கடலில் மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றுடன் சுழன்று, நாள்கணக்கில் நகர்ந்து, துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற வைக்கும் பெருஞ்சுழல். நாம் பேசுவதோ, தனி முகிலாக எழுந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முதிர்ந்து ஓய்ந்துவிடுவது.

முந்தைய மடலில் வந்த ‘இடிமுகில்’ அழகான சொல். அதைக் கார்திரள் முகிலுக்கே, அதாவது இடியைப் பிறப்பிக்கும் உயர்ந்தெழுந்த முகிலுக்கே, ஒதுக்கலாம். நிகழ்வு முழுவதற்கும் நான் பரிந்துரைப்பது, நம் வீடுகளில் ஏற்கெனவே புழங்கும் ‘இடிமழை’. மழை தரையை எட்டாமலே இடி இடிப்பதுண்டே, அதை எப்படி மழை என்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை முகிலுக்குள் இருக்கிறது.

வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுவதையே நம் வானிலை அறிக்கைகள் ‘வெப்பச்சலனம்’ என்கின்றன. நீராவி குளிர்ந்து துளிகளாகும்போது வெளிப்படும் வெப்பம் அக்காற்றை மேலும் உந்த, நம் வெப்பமண்டலத்தில் முகிலின் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். அம்முகிலின் நடுவே, உறைகுளிர் நிலவும் பகுதியில் நுண்ணிய பனிப்படிகங்களும், அவற்றைவிடக் கனத்த பனிக்குருணைகளும் மோதிப் பிரியும்போது, பெரும்பாலும் படிகங்கள் நேர்மின்னூட்டத்தை மேலே கொண்டுசெல்ல, குருணைகள் எதிர்மின்னூட்டத்துடன் தாழத் தங்குகின்றன. இப்படிப் பிரிந்த மின்னூட்டங்களுக்கிடையே பாய்வதே மின்னல்; அதன் ஓசையே இடி. அந்தக் குருணைதான் இறங்கும் வழியில் உருகி மழைத்துளியாகிறது. ஆகவே தரை நனையாத போதும், இடிக்குக் காரணம் முகிலுக்குள் திரண்ட மழையே.

சென்னைப் புறநகரில் ஆகஸ்ட் மாலையொன்றில், கடற்காற்று மேலைக்காற்றைச் சந்திக்கும் வேளையில் மொட்டைமாடியில் நின்று பாருங்கள். புழுக்கம் தாங்காது; திடீரென, முதல் துளி விழுமுன்பே, கொடியில் காயும் துணிகளைச் சில்லென்ற காற்று வாரியடிக்கும். விழும் மழை இழுத்துவந்ததும், துளிகள் ஆவியாவதால் குளிர்ந்து கனத்ததுமான காற்று தரையில் மோதிப் பரவுவதே அது. மழை இல்லையேல் அக்காற்றும் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். வயலில் நின்றவர்களும் மரத்தடியில் ஒதுங்கியவர்களும் அவர்களுள் நிறையப் பேர். ‘புயல்’ என்று அறிவித்தால், அது கடலோரத்துக்குத்தானே என்று உள்மாவட்டத்து உழவர் நாற்றங்காலிலேயே நின்றுவிடக்கூடும். ‘இடிமழை வருகிறது’ என்றால் கரையேறி வீட்டுக்குள் போவார்.

மேலெழும் காற்றுக்கு ‘ஏறுகாற்று’, கீழிறங்குவதற்கு ‘இறங்குகாற்று’ என்பவை இயல்பாகவே அமைகின்றன. மழைக்கு முன் பரவிவரும் அந்தக் குளிர்காற்றின் முகப்பை ‘முன்வீச்சு’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன். உங்கள் ஊரில் அதற்கு வழங்குபெயர் ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள்; அதையே எடுத்துக்கொள்வோம்.