9 நாளில் கழுத்துக்கு ஒரு லேஸ் கவுல், குரோஷாவில் முடியுமா?

மல்லிகைப்பந்தல், மதுரை

அக்கா மகள் டொராண்டோவில் படிக்கிறாள். போய் நாலு மாதம்தான் ஆகிறது, அவளுக்கு இது முதல் குளிர்காலம். கூடப் படிக்கிற பெண் ஒருத்தி லீவுக்கு மதுரை வந்திருக்கிறாள், 4-ஆம் தேதி கிளம்புகிறாள். "200 கிராமுக்குள் எதுவானாலும் கொடுங்க ஆன்ட்டி, பெட்டியில் ஊறுகாய்க்கே இடம் இல்லை" என்று சொல்லிவிட்டாள். ஸ்வெட்டருக்கு நாளும் போதாது, எடையும் தாண்டிவிடும். அதனால் கவுல் என்கிறார்களே, இரண்டு முனையும் ஒட்டின வட்ட மஃப்ளர், அதை லேஸ் டிசைனில் போடலாம் என்று ஆரம்பித்தேன்.

எனக்குக் குரோஷா ஓரளவு வரும். டீப்பாய் விரிப்பு, குழந்தைக் குல்லா, கைக்குட்டை ஓரம் எல்லாம் போட்டிருக்கிறேன். ஒயர் கூடையும் பின்னுவேன், அது இங்கே உதவாது. முதலில் வீட்டில் இருந்த மெல்லிய வெள்ளைக் காட்டன் நூலில் அன்னாசிப்பழ டிசைன் எடுத்தேன், ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இரண்டு அங்குலம் வந்தது. சரி என்று அதை மூட்டை கட்டிவிட்டுக் கடையில் உல்லன் நூல் வாங்கி, 120 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு வட்டமாகச் சேர்த்து, நாலு சுற்று போன பிறகு மேஜையில் பரப்பிப் பார்த்தால் ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எப்படித் திருப்பினாலும் முறுக்கு இடம் மாறுகிறதே தவிரப் போகமாட்டேன் என்கிறது.

நாலு சுற்றையும் பிரித்தே ஆக வேண்டுமா? என்ன நூல், என்ன டிசைன் எடுத்தால் வேகமாக முடியும்? இவ்வளவு ஓட்டை இருந்தால் குளிர் உள்ளே போகாதா என்று என் வீட்டுக்காரர் வேறு கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை.

நீலமலை, குன்னூர்

பிரித்துவிடுங்கள். மனசு வலிக்கும், ஆனாலும் அந்த முறுக்கு போகாது. செயினைச் சேர்க்கும்போதே ஒரு முழுத் திருகு உள்ளே மாட்டிக்கொண்டது, அதற்கு மேல் எத்தனை சுற்று போட்டாலும் அது கூடவே வரும்.

அன்னாசிப்பழத்தை இந்த ஒன்பது நாளுக்கு மறந்துவிடுங்கள். பரிசு என்றால் கண் பார்க்காமல் கை போட வேண்டும். டிவி ஓடிக்கொண்டிருக்க, யாராவது வந்து பேச, அதற்கு நடுவிலும் வரிசை தப்பாத டிசைனாக இருக்க வேண்டும். நான் வருஷா வருஷம் இங்கே போடுவது வி கண்ணிதான், ஒரே இடத்திலிருந்து இரண்டு கண்ணி V எழுத்து மாதிரி விரிந்து நிற்கும். நூல் நடுத்தரத் தடிமன் எடுங்கள், லேபிளில் நூல்கண்டு படத்துக்குள் 4 என்று இருக்கும். 5 மி.மீ. ஊசி. 100 கிராம் ஒரு கண்டு தாராளம், மிஞ்சும்.

90 செயின் போடுங்கள். செயினுக்கு மட்டும் 5.5 அல்லது 6 ஊசி பிடித்தால் நல்லது, ஏனென்றால் நம்மில் பாதிப் பேருக்குச் செயின் இறுக்கமாக விழும், விளிம்பு இறுகினால் தலைக்குள் நுழையாது. ஸ்லிப் ஸ்டிட்சால் (ஊசியை உள்ளே விட்டு நூலை எடுத்து, ஊசியில் இருக்கிற வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுப்பது) வட்டமாகச் சேர்த்துவிட்டு 4 செயின் ஏறுங்கள். இதில் 3 செயின் ஒரு டபுள் கண்ணிக்குக் கணக்கு, மிச்சம் ஒன்று நடு இடைவெளி. அதே கண்ணியில் இன்னொரு டபுள், முதல் வி ஆயிற்று. அப்புறம் இரண்டு செயினை விட்டுவிட்டு மூன்றாவதில் ஒரு டபுள், ஒரு செயின், ஒரு டபுள். இப்படியே சுற்றி வந்தால் 30 வி வரும். கடைசியில், முதலில் ஏறின 4 செயினில் மூன்றாவதோடு சேர்க்க வேண்டும்.

இரண்டாம் சுற்றிலிருந்து கண்ணி தேடவே வேண்டாம், நேராகக் கீழே உள்ள வி-யின் நடு ஓட்டைக்குள் அடுத்த வி. ஒவ்வொரு சுற்று ஆரம்பத்திலும் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு அந்த ஓட்டைக்கு நகர்ந்துகொண்டு 4 செயின் ஏறுங்கள். 14, 15 சுற்றில் ஒரு சாண் உயரம் வந்துவிடும். ஒரு சுற்று கால் மணி நேரம் என்று வைத்தாலும் மொத்தம் நாலு மணி நேர வேலைதான். கடைசிச் சுற்றில் ஒரு வி-யில் 5 டபுள், அடுத்த வி-யில் ஒரு சிங்கிள் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஓரம் சங்கு சங்காக வளைந்து நிற்கும், பார்க்கிறவர்கள் பெரிய வேலை என்று நினைப்பார்கள்.

பனிக்காலம், ஸ்காபரோ

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இங்கே டொராண்டோவுக்கு வந்து கனகாலம். பின்னத் தெரியாது, ஆனால் போடுகிறவள் என்ற முறையில் சில விஷயம் சொல்ல வேண்டும்.

ஓட்டையைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வி. லேஸை மட்டும் வெளியே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் காற்று நேரே உள்ளே வரும். ஆனால் இங்கே ஜனவரியில் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். ஜாக்கெட்டின் கழுத்துக்குள்ளேதான் இதைப் போடுவது, வெளிக்காற்றை ஜாக்கெட் மறிக்கும், உள்ளே கம்பளி ஓட்டைகளில் நிற்கிற காற்று சூடாக இருக்கும். உள்ளே என்றால் ஒரு முக்கியமான விஷயம், நீளமாக இரண்டு சுற்றுச் சுற்றுகிற மாதிரி வேண்டாம். எனக்கு அப்படி ஒன்று ஒருவர் பின்னித் தந்தார், சரியான வடிவு, ஆனால் ஒவ்வொரு நாளும் சிப்பில் மாட்டி இழுபட்டு ஒரு மாதத்தில் நூல் தொங்கிற்று. கட்டையாக, தலையால் போட்டால் கழுத்தில் நிற்கிற அளவு போதும்.

நூலைப் பற்றியும் ஒன்று. ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் காற்று காய்ந்துபோய் இருக்கும், அக்ரிலிக் போட்டுக் கழற்றினால் தலைமுடி எல்லாம் எழும்பி நிற்கும், கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு அடி. கம்பளியில் இந்தக் கரைச்சல் குறைவு. ஆனால் ஹாஸ்டல் பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றாக வாஷிங் மெஷினில் போட்டு ட்ரையருக்குள்ளும் தள்ளும், சாதாரணக் கம்பளி என்றால் பொம்மைக்குத்தான் அளவாக வெளியே வரும். மெஷினில் தோய்க்கலாம் என்று எழுதியிருக்கிற கம்பளி கிடைத்தால் அதை வாங்குங்கோ, ட்ரையரில் போடாதே என்று ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கோ.

மல்லிகைப்பந்தல், மதுரை

இரண்டு பேருக்கும் நன்றி. பிரித்துவிட்டேன், சொல்லும்போது சுலபமாக இருக்கிறது.

நான் வாங்கின நூல் அக்ரிலிக், கொஞ்சம் மொரமொரப்பு. முழங்கைக்கு உள்பக்கம் தேய்த்துப் பார்த்தால் அரிக்கிறது, கழுத்துக்கு ஆகாது. மெஷினில் போடக்கூடிய மெரினோ (மிருதுவான கம்பளி நூல்) இங்கே நான் போன இரண்டு கடையிலும் இல்லை. ஆன்லைனில் ஒரு கடையில் ஒரே நிறம் 50 கிராம் இரண்டு கண்டு ஆர்டர் செய்தேன், வந்ததைப் பார்த்தால் ஒன்று கத்தரிப்பூ நிறம், இன்னொன்று அதே கத்தரிப்பூ வெயிலில் ஒரு மாதம் காய்ந்த மாதிரி. லேபிளைப் பார்த்தால் சாய லாட் எண் வேறு வேறு. மாற்றித் தருவதற்குள் 4-ஆம் தேதி போய்விடும்.

இன்னொரு குழப்பம். நீலமலை அக்கா, நீங்கள் சொல்கிற டபுளைப் போட்டால் குட்டையாக, நெருக்கமாக வருகிறது, லேஸ் மாதிரியே இல்லை. அம்மாவிடம் கற்றுக்கொண்ட டபுள்தான் போடுகிறேன்.

திண்டும் ஊசியும், நாகர்கோவில்

அம்மாவிடம் கற்றதுதான் காரணம் மகளே. நம்ம அம்மாமார் படித்தது பிரிட்டிஷ் முறை, வீடியோவில் பாதிக்கு மேல் அமெரிக்க முறை. அமெரிக்காவில் டபுள் என்பதை பிரிட்டிஷ் புத்தகத்தில் ட்ரெபிள் என்று போட்டிருக்கும். பெயரை விடு, கையைப் பார். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்று, உள்ளே விட்டு இழு, ஊசியில் மூன்று வளையம் நிற்கும். நூல் எடுத்து இரண்டு வளையம் வழியாக இழு, மறுபடி எடுத்து மிச்ச இரண்டு வழியாக இழு. இதுதான் அவர்கள் சொன்ன டபுள். நீ போட்டது சுற்றாமல் நேராக உள்ளே விட்டு எடுக்கிறது, அதை அவர்கள் சிங்கிள் என்பார்கள்.

முறுக்கு விழாமல் இருக்க நான் செய்வதைச் சொல்கிறேன். செயினை வட்டமாகச் சேர்க்கவே சேர்க்காதே. முதல் வரிசை வி முழுவதையும் நேராக, விரிப்பு போடுகிற மாதிரி போட்டு முடி. இப்போது அது ஒரு பட்டை, மேல் எது கீழ் எது என்று கண்ணுக்குத் தெரியும், மேஜையில் பரப்பி நாலைந்து இடத்தில் துணிக்கிளிப் மாட்டிவிட்டு அப்புறம் சேர். கீழே செயின் பகுதியில் அரை அங்குலம் இடைவெளி நிற்கும், ஆரம்பத்தில் விட்ட நூல் வாலை ஊசியில் கோர்த்து இரண்டு தையல் போட்டால் மூடிவிடும்.

அந்த மெல்லிய நூலில் ஆரம்பித்தேன் என்றாயே, எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் லேஸ் என்றாலே மெல்லிய நூல்தான். மிஷன் காலத்தில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்தது, அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடியில் கற்றுக்கொடுத்தது எல்லாம் திண்டு லேஸ். திண்டின் மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றின நூலை மாற்றி மாற்றிப் போட்டு வருவது, குரோஷா ஊசிக்கு அதில் வேலையே கிடையாது. என் அம்மா ஒரு மேஜை விரிப்புக்கு எத்தனை மாதம் உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது நாளுக்கு அந்த நூல் பக்கமே போகாதே.

நிறம் வேறாக வந்ததற்கு வருத்தப்படாதே. ஒரு சுற்று இது, ஒரு சுற்று அது என்று மாற்றிப் போடு, வேண்டுமென்றே போட்ட கோடு மாதிரி இருக்கும். ஒன்று முடிந்த பிறகு மற்றதை ஆரம்பித்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியும்.

ரயில் பின்னல்காரன்

ஒரு சின்ன எதிர்க்கருத்து. முறுக்கு இருந்தால் பிரித்தே ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் அரக்கோணம் பாஸ்ட்டில் உட்கார்ந்து பின்னுகிறவன் நான், கூட்டத்தில் செயின் முறுக்கிக்கொள்வது சகஜம். இரண்டு முறை அப்படியே முடித்துக் கொடுத்தேன், கழுத்தில் போட்டால் ஒரு மடிப்பு அழகாக முன்னால் விழுகிறது, வாங்கினவர்கள் டிசைன் என்றே நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

நீலமலை, குன்னூர்

தம்பி, அகலம் ஒரு சாணுக்குக் குறைவாக, சுற்றளவு பெரிதாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஸ்காபரோ அக்கா சொன்ன மாதிரி கட்டையாகப் போட்டால் அந்த மடிப்பு தாடைக்குக் கீழே உருண்டையாக நிற்கும், ஜாக்கெட் சிப் மேலே ஏறாது.

மல்லிகைப்பந்தல், மதுரை

12 சுற்று முடிந்தது! ஒரு சுற்று ஒரு கண்டு என்று மாற்றி மாற்றித்தான் போடுகிறேன், நிஜமாகவே கோடு போட்ட மாதிரி வந்திருக்கிறது, என் வீட்டுக்காரரே "இதை இப்படித்தான் வாங்கினியா" என்று கேட்டார். அவர் தலையில் மாட்டி அளவு பார்த்தேன், இறங்குகிறது.

ஒரே பிரச்சினை. எண்ணிப் பார்த்தால் 31 வி இருக்கிறது. கீழே இருந்து எண்ணினேன், ஆறாவது சுற்று வரை 30, ஏழாவதிலிருந்து 31. சங்கு ஓரத்துக்கு இரட்டைப்படை வேண்டுமே. இன்னும் மூன்று நாள்தான், ஆறு சுற்றைப் பிரிக்க எனக்குத் தெம்பில்லை.

நீலமலை, குன்னூர்

பிரிக்காதீர்கள். ஏழாவது சுற்றை முடிக்கும்போது சேர்க்கிற இடத்தை இன்னொரு ஓட்டை என்று நினைத்து அங்கே ஒரு வி போட்டிருப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். நிறம் மாற்றுகிற இடமும் அதுதான் என்பதால் இன்னும் குழப்பும். ஒரு வி அதிகமானதில் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர்தான் கூடும், கழுத்தில் தெரியாது.

ஓரத்துக்கு 15 சங்கு, 16 சிங்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்று முடிகிற இடத்தில் இரண்டு சிங்கிள் பக்கத்தில் பக்கத்தில் வரும், அந்த இடம் பிடரிக்குப் போகட்டும். நூல் வால்களை எல்லாம் அங்கேயே உள்ளே கோர்த்துவிடுங்கள்.

முடித்ததும் கம்பளி என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். பிழியக்கூடாது, துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்துப் பாயில் பரப்பி, வி எல்லாம் திறந்து நிற்கிற மாதிரி கையால் இழுத்துவிட்டுக் காயவிடுங்கள். காய்ந்த பிறகுதான் லேஸ் என்று தெரியும், அதுவரை கசங்கின வலை மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். இதையே அக்ரிலிக்கில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துவிடாதீர்கள். தூரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். நான் ஒரு தடவை வைத்து, குல்லா ஒன்று துவண்ட வாழையிலை மாதிரி ஆகிவிட்டது.

மல்லிகைப்பந்தல், மதுரை

முடிந்தது. ராத்திரி ஃபேன் காற்றில் பாயில் விரித்துப் போட்டேன், விடிகாலை பூனை அதன் மேல் படுத்திருந்தது, மறுபடி அலசிக் காயவைத்ததில் அரை நாள் போயிற்று. எடை போட்டுப் பார்த்தேன், 62 கிராம். பெட்டிக்காரப் பெண் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா, அப்ப ஆன்ட்டி இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமே" என்றாள், அந்த மிச்ச எடைக்கு நாரத்தங்காய் ஊறுகாய் வைத்தேன், இரண்டு கவர் போட்டுக் கட்டி, கவுலுக்கு எட்டாத மூலையில். ட்ரையரில் போடாதே என்ற சீட்டையும் வைத்தாயிற்று.

மிஞ்சின நூலில் அந்தப் பெண்ணுக்கே ஒரு தலைப்பட்டை போட முடியுமா? 4-ஆம் தேதி காலை 10 மணிக்குத்தான் கிளம்புகிறாள்.

ரயில் பின்னல்காரன்

முடியும். 66 செயின், 5 சுற்று. முறுக்கினாலும் பரவாயில்லை.