கரண்ட் பில், தண்ணி பில், காஸ்: கணக்கு வைக்க என்னென்ன நிரல் போடலாம்?

உவர்மலைவாசி:
வணக்கம். வீட்டில் கரண்ட், தண்ணி, காஸ் மூன்றுக்கும் போகும் காசை எழுதி வைக்க கூகுள் சீட்டில் ஒரு பைல் தொடங்கியிருக்கிறேன். மாதம், பில் தொகை என்று இரண்டே நிரல். ஒரு மாதம் கூடுது, அடுத்த மாதம் குறையுது, ஆனால் நாங்கள் கூடப் பாவித்தோமா, கட்டணம்தான் மாறியதா என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கிணறு இருக்கிறது, மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றுகிறோம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பைப் தண்ணி. சோளகக் காற்று தொடங்கினால் விடிய விடிய பேன் ஓடும். எதை எழுதினால் பிரயோசனம்?

சீனக்குடா அண்ணன்:
தம்பி, ரூபாயைப் பிறகு பார்க்கலாம், முதலில் மீற்றர் வாசிப்பை எழுதுங்கள். இலங்கையில் 2025 தையில் கரண்ட் கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் குறைத்தார்கள், ஆனியில் திரும்ப 15 சதவீதம் கூட்டினார்கள், ஆகவே தொகையை மட்டும் பார்த்தால் வீட்டில் என்ன நடந்தது என்று விளங்காது. திகதி, வாசிப்பு, யுனிட், நாள், ஒரு நாளைக்கு எத்தனை யுனிட், கடைசியில் தொகை. இவ்வளவும் போதும்.

நாள் கணக்குத்தான் முக்கியம். வாசிப்பவர் ஒரு மாதம் 33 நாளில் வருவார், அடுத்த மாதம் 29 நாளில் வருவார். 33 நாளில் 86 யுனிட் என்றால் நாளுக்கு 2.61. 29 நாளில் 77 என்றால் 2.66. பில்லில் யுனிட் குறைந்திருக்கும், பாவனையோ கூடியிருக்கும்! பில் போடும்போதும் கட்டணப் படிகளை (எத்தனை யுனிட்டுக்கு என்ன விலை என்பதை) நாள் கணக்கில்தான் பிரிக்கிறார்கள். 30 நாளுக்கு 60 யுனிட் தாண்டினால் முதல் யுனிட்டில் இருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் ஏறும். அதாவது நாளுக்கு 2 யுனிட் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய கோடு, 2.1இல் நிற்கிற வீடு கொஞ்சம் கவனித்தாலே நல்ல காசு மிச்சம். பில் வரும்வரை பொறுக்காமல் ஞாயிறு தோறும் மீற்றரைப் பாருங்கள்.

நிலாவெளி அக்கா:
அண்ணன் சொன்னது சரி. கிணறு இருக்கிறபடியால் மோட்டருக்கும் ஒரு நிரல் போடுங்கோ. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யுனிட், கிணற்றுத் தண்ணி சும்மா வருகிறது என்று நினைக்கிறோம், அதன் செலவு கரண்ட் பில்லுக்குள் இருக்கிறது. பைப் தண்ணியில் ஒரு யுனிட் என்றால் 1000 லீற்றர். இரவு படுக்கும்போது எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு வாசிப்பை எழுதி, காலையில் யாரும் தண்ணி திறக்க முன்னம் திரும்பப் பாருங்கோ, இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுக்கு. காஸுக்கு மாதக் கணக்கே வேண்டாம், 12.5 கிலோ சிலிண்டர் மாற்றிய திகதியை மட்டும் எழுதி, விலையை அது எத்தனை நாள் பாவித்ததோ அந்த நாளால் பிரித்தால் சரி.

உவர்மலைவாசி:
நன்றி அக்கா, அண்ணா. பழைய பில்கள் லாச்சிக்குள் இருக்கு, அதில் வாசிப்பும் திகதியும் இருக்கிறபடியால் பின்னோக்கியும் ஏற்றலாம் போல. ஆனால் திகதியைக் கழித்தால் நாள் கணக்கு கன்னாபின்னாவென்று வருகிறது, ஏன்?

சீனக்குடா அண்ணன்:
உங்கள் சீட் அமெரிக்க முறையில் இருக்கும், 5/8 என்று அடித்தால் மே 8 என்று எடுத்துக்கொள்ளும். கணினியில் திறந்து செட்டிங்ஸில் லொகேலை (எந்த நாட்டு முறை என்பதை) ஐக்கிய இராச்சியத்துக்கு மாற்றிவிட்டு, ஏற்கெனவே அடித்த திகதிகளைத் திரும்ப அடியுங்கள். அப்புறம், கட்டண விலைகளை இன்னொரு தாளில் அமுலுக்கு வந்த திகதியோடு வையுங்கள், அடுத்த முறை மாறினால் பழைய கணக்கு குழம்பாது.