'டிஸ்அப்ரூவல்' என்பதற்குச் செக் மொழியில் ஒரே சொல் போதுமா?

கேள்வி: மொழிப்பயணி

அனைவருக்கும் வணக்கம். செக் நாட்டின் பிர்னோ நகரில் தங்கிச் செக் மொழி படித்துவரும் நான், பயிற்சிக்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையைச் செக்கில் பெயர்த்து வருகிறேன். மருமகளை மாமியார் பார்க்கும் பார்வை, மகள் தேர்ந்தெடுத்த கணவரைத் தந்தை ஏற்காமலிருப்பது, இரவில் தாமதமாக வீடு திரும்பும் பெண்களைப் பற்றி ஊரார் கொண்டிருக்கும் எண்ணம் ஆகிய மூன்றையும் ஆங்கில ஆசிரியர் 'டிஸ்அப்ரூவல்' (ஏற்காமை), 'டிஸ்அப்ரூவ்' (ஏற்காதிருத்தல்) என்ற ஒரே வேரைக்கொண்டு எழுதியிருக்கிறார். அகராதி முதலில் தருவது 'நெசௌஹ்லஸ்' என்ற சொல். நானும் மூன்று இடங்களிலும் அதையே இட்டேன். அதைப் படித்த என் ஆசிரியை, "இந்த மாமியார் மருமகளைப் பார்க்கிறாரா, தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்கிறாரா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்பதை விளக்குவீர்களா?

மறுமொழி: ஸ்லாவிய வாசகன்

உங்கள் ஆசிரியை ஏன் சிரித்தார் என்பதற்கான விடை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. 'ஹ்லஸ்' என்றால் குரல், தேர்தலில் அளிக்கும் வாக்கும் அதுவே. 'சௌஹ்லஸ்' என்பது குரலோடு குரல் சேர்வது, அதாவது இசைவு. அதை மறுப்பது 'நெசௌஹ்லஸ்'. ஆகவே அது அடிப்படையில் கருத்து வேறுபாட்டைக் குறிக்கும் சொல்லே தவிர, மனத்தில் எழும் கசப்பைக் குறிப்பது அன்று. தந்தையின் வாக்கியத்தில் இது பெரும் பிழையாகவே முடியும். 'நெசௌஹ்லசித்' என்ற வினையோடு மருமகனைச் சேர்த்தால், மருமகன் சொன்ன ஏதோ ஒரு கருத்தை அவர் மறுக்கிறார் என்றுதான் செக் வாசகர் புரிந்துகொள்வார்.

தந்தை ஏற்காதது திருமணத்தை என்றால் 'நெஸ்க்வலொவத்' என்ற வினை நன்றாகப் பொருந்தும். அது ஒரு செயலையோ முடிவையோ ஏற்க மறுப்பதைச் சொல்வது. அதற்கு மனிதரைச் செயப்படுபொருளாக வைப்பது உறுத்தும். அவருக்கு ஆகாதது அந்த மனிதரே என்றால், 'நெஸாம்லௌவத் செ' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழரான நமக்கு ஒரு வசதி உண்டு. 'அவருக்கு மருமகனைப் பிடிக்கவில்லை' என்று நாம் சொல்லும்போது 'அவருக்கு' என்று தந்தை நான்காம் வேற்றுமையில் நிற்கிறார் அல்லவா? செக் மொழியிலும் அவர் அதற்கு இணையான வேற்றுமையில்தான் நிற்பார். மருமகன் எழுவாயாகிவிடுவார் என்பது மட்டுமே வேறுபாடு. ஆங்கிலமோ வெறுப்பவரை எழுவாயாக்கி முன்னே நிறுத்துகிறது. அந்த வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் தமிழாக்கிவிட்டுப் பிறகு செக்குக்குப் போவது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மாமியாரின் பார்வைக்கு அவருடைய மனநிலையைப் பொறுத்துச் சொல் மாறும். பெரியவர் என்ற உரிமையில் கண்ணாலேயே அதட்டுகிறார் என்றால் 'காராவ்யே' என்ற வினையடை பொருந்தும். கடிந்துகொள்வது என்ற பொருளுடைய 'காரத்' என்ற வினையிலிருந்து வருவது அது. "என்னை இப்படி நோகடித்துவிட்டாயே" என்ற மனத்தாங்கல் இருந்தால் 'விச்சீதாவ்யே'. அடக்கமின்மையைக் கண்டு திடுக்கிட்டு முகம் சுளித்தால் 'பொஹொர்ஷெனியே'. 'இன்னும் மோசமான' என்று பொருள்படும் 'ஹொர்ஷீ' அதன் உள்ளே இருக்கிறது. இகழ்ச்சியோடு பார்த்தால் 'பொஹ்ர்தாவ்யே', ஆனால் கதையில் அவ்வளவு தூரம் போக இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில ஆசிரியர் மூடிவைத்ததை மொழிபெயர்ப்பாளர் திறந்துவிடுகிறாரே என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் செக் மொழி இங்கே ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

மறுமொழி: பிராகா மாணவி

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு திருத்தம் மட்டும் உண்டு. 'நெசௌஹ்லஸ்' உடல் அசைவோடு சேரும்போது அதில் கூட்ட அறையின் வாடை இல்லை. மறுப்பாகத் தலையசைப்பதை 'நெசௌஹ்லஸ்னியே' என்ற வினையடையோடு எழுதுவது செக் கதைகளில் மிக இயல்பானது. மாமியார் தலையையும் அசைக்கிறார் என்றால் உங்கள் சொல்லை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை.

ஊராரைப் பற்றிய வாக்கியத்துக்கு 'நெராதி விதீ' என்ற தொடரைப் பரிந்துரைக்கிறேன். 'விருப்பமின்றிக் காண்கிறார்கள்' என்பது அதன் நேர்பொருள். ஒரு பழக்கத்தை வெளிப்படையாகத் தடுக்காமல், உள்ளூர விரும்பாமல் இருப்பதை அது சரியாகச் சொல்கிறது. கொஞ்சம் ஏட்டு நடை வேண்டுமென்றால் 'நெலிப்யே நேஸ்த்' என்று ஒரு தொடர் உண்டு. விருப்பமின்மையோடு ஒன்றைச் சுமப்பது என்ற அழகான உருவகம் அது.

அந்தப் பெண்களையே ஊரார் ஏளனமாகவும் ஐயத்தோடும் பார்க்கிறார்கள் என்றால், 'விரல்களின் ஊடாகப் பார்ப்பது' என்று பொருள்படும் 'ஸ்க்ர்ஸ் ப்ர்ஸ்தி' தொடரைப் பயன்படுத்தலாம். ஆனால் போலிஷ் மொழி அறிந்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். விரல்களின் ஊடாகப் பார்ப்பது போலிஷிலும் ஜெர்மனிலும் கண்டும் காணாமல் விட்டுவிடுவதைக் குறிக்கும். செக்கில் அதற்கு நேர் எதிர். போலிஷ் படித்துவிட்டுச் செக்குக்கு வந்தவள் என்பதால், ஒரு கட்டுரையில் கண்டிப்பான ஆசிரியர் ஒருவரைத் தாராள மனத்தவராக மாற்றிய பெருமை எனக்கும் உண்டு.

மறுமொழி: துணையெழுத்துக்காரர்

திரைப்படத் துணையெழுத்து எழுதும் அனுபவத்திலிருந்து அலுவல்சார்ந்த சொற்களைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன், ஏனெனில் அகராதிகள் இவற்றையும் ஒரே பத்தியில் கொட்டிவிடுகின்றன. ஓர் அரசு தாக்குதலைக் கண்டிக்கும்போது வரும் 'ஒத்சௌதித்' என்ற வினையே நீதிமன்றம் தண்டனை விதிப்பதற்கும் வரும்; நீதிமன்றத்தைக் குறிக்கும் 'சௌத்' அதன் வேர். எத்தனை ஆண்டுகள் என்ற விவரம் பின்னால் வந்தால் அது தண்டனை. பள்ளியில் நடக்கும் கண்டிப்பு என்றால் விருப்பம்போல் சொல்லைத் தெரிவு செய்ய இயலாது. செக் அரசின் 2005-ஆம் ஆண்டின் 48-ஆம் எண் ஆணை அடிப்படைப் பள்ளிகளுக்கு வகுப்பாசிரியரின் 'நபொமெனுதீ' (எச்சரிக்கை), வகுப்பாசிரியரின் 'தூத்கா' (கண்டனம்), தலைமையாசிரியரின் 'தூத்கா' என மூன்று படிகளை வகுத்தது. ஆங்கிலப் படத்தில் சிறுவன் எச்சரிக்கப்பட்டு வீடு திரும்பினால், அது எந்தப் படி என்று செக் பார்வையாளர் உடனே கணக்கிட்டுவிடுவார்.

'வீத்கா', 'வீச்சித்கா' என்ற இரண்டும் ஒலியில் நெருங்கியவை, குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது குறையைச் சுட்டிக்காட்டுவது, அலுவலகக் கடிதத்திலும் எழுதலாம். பின்னது மனத்தைத் தைப்பது. மனச்சாட்சியின் உறுத்தலையும் அதன் பன்மையால்தான் சொல்வார்கள்.

ஐயம் எழும்போது, 1994-இல் தொடங்கப்பட்ட செக் தேசியச் சொற்றொகுதியின் (செக் பனுவல்களின் பெரும் கணினித் தொகுப்பு) 'த்ரெக்' என்ற கருவியைப் பாருங்கள். இருமொழிப் பனுவல்களை ஒப்பிட்டு, ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் உண்மையில் எவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை எண்ணிக்கையோடு அது காட்டும். கிடைத்த செக் சொல்லை மறுபடி ஆங்கிலத்தை நோக்கித் திருப்பித் தேடினால், அகராதியின் முதல் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி: மொழிப்பயணி

மூவருக்கும் நன்றி. தந்தையின் வாக்கியத்தில் திருமணமே பொருள் என்பதால் 'நெஸ்க்வலொவத்' என்ற வினையையும், ஊராருக்கு 'நெராதி விதீ' என்ற தொடரையும் எழுதிவிட்டேன். மாமியாரின் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோது, எனக்கு வந்தது 'முகம் சுளித்தார்' என்பதே. அதற்குப் 'பொஹொர்ஷெனியே' பொருந்தும் என்று நினைத்துக் கதையை மறுபடி படித்தால், மருமகள் செய்த குற்றம் காப்பியை ஆறவிட்டது மட்டுமே என்று தெரிகிறது.

மறுமொழி: ஸ்லாவிய வாசகன்

ஆறிய காப்பிக்குப் 'பொஹொர்ஷெனியே' மிகை. 'காராவ்யே' என்றே எழுதுங்கள்.