பழைய கணினிக்கு மலிவான டயல்-அப் மோடம்: எதை வாங்குவது?

கேள்வி:

வணக்கம். என் வீட்டில் இருப்பது பென்டியம் 133 செயலியும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பழைய கணினி. இடி இடித்த ஓர் இரவில் தொலைபேசிக் கம்பியைக் கழற்றி வைக்க மறந்துவிட்டதால் உள்ளே இருந்த மோடம் கார்டு கருகிப்போனது. நல்லவேளையாகக் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் சேர்க்கும் மோடம்கள் இரண்டு இப்போது என் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. ஒன்று, மதர்போர்டின் பிசிஐ துளையில் செருகும் புதிய கார்டு. பெட்டியின் மேல் 56கே (நொடிக்கு 56,000 பிட் வரை), வி.92 (மோடம் தரத்தின் பெயர்) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. மற்றொன்று, சீரியல் போர்ட்டில் இணைக்கும் பழைய வெளி மோடம், அது வி.90 வகை, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்பது, ஆனாலும் கார்டைவிட விலை அதிகம். மின்னஞ்சலும் எழுத்து மிகுந்த பக்கங்களும் பார்ப்பதே என் தேவை. பெரும்பாலும் விண்டோஸ் 98, எப்போதாவது லினக்ஸ். புதியதாகவும் மலிவாகவும் இருக்கும் கார்டையே வாங்கிவிடலாமா?

முதல் மறுமொழி:

வாங்குவதற்கு முன் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் தேவைகளைப் படித்துப் பாருங்கள். செயலியின் வேகத்தையும் விண்டோஸையும் கட்டாயம் என்று குறிப்பிட்டிருந்தால், அது பேச்சு வழக்கில் வின்மோடம் எனப்படும் மென்பொருள் மோடமாக இருக்க வாய்ப்பு மிகுதி. முழு மோடத்தில் தொலைபேசி ஒலியைத் தரவாக மாற்றுவதற்கும், பிழை திருத்துவதற்கும், தரவைச் சுருக்குவதற்கும் தனிச் சிப்புகள் உண்டு. மலிவான கார்டில் அந்த வேலைகளில் பெரும்பகுதியைக் கணினியின் செயலியே டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வழியாகச் செய்கிறது. கார்டின் விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான். மிச்சப்பட்ட பணத்திற்கு உங்கள் செயலி உழைத்துக் கொடுக்க வேண்டும். 133 மெகாஹெர்ட்ஸ் செயலி ஒரு பக்கத்தைத் திரையில் வரைந்துகொண்டே மோடத்தின் வேலையையும் இழுத்தால் இணைப்பு திடீர் திடீரென்று அறுந்துபோகும். தவிர, லினக்ஸில் இத்தகைய கார்டுகளில் பலவற்றுக்கு டிரைவரே கிடைக்காது.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. செயலி போதிய வேகத்தோடு இருந்தால் மென்பொருள் மோடம் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்யும். நானே அப்படி ஒன்றை நெடுநாள் பயன்படுத்தியிருக்கிறேன். உங்கள் கணினிக்கு அது பொருந்தாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வி.92 என்ற எழுத்துக்காக அதிகம் யோசிக்காதீர்கள். வி.90-இல் நொடிக்கு 33,600 பிட் வரை இருந்த மேலேற்ற (அனுப்பும்) வேகம் வி.92-இல் 48,000 வரை போகலாம், இணைப்பும் சற்று விரைவாகக் கிடைக்கலாம். ஆனால் இணையச் சேவை தருபவரின் கருவிகளும் வி.92-க்கு இடம் கொடுத்தால்தான் அவை கிட்டும். ஒரு மெகாபைட் கோப்பை மேலேற்ற 33,600 வேகத்தில் ஏறத்தாழ 4 நிமிடமும் 48,000 வேகத்தில் ஏறத்தாழ 3 நிமிடமும் ஆகும். மின்னஞ்சலுக்கு இந்த ஒரு நிமிடம் பெரிய பொருட்டல்ல என்பது என் கருத்து.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. கடைக்காரரிடம் கேட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பக்கவாட்டில் “பென்டியம் 233 எம்எம்எக்ஸ் அல்லது அதற்கு மேல், விண்டோஸ் மட்டும்” என்று இருந்தது. கார்டில் சதுரமான ஒரே ஒரு பெரிய சிப்பும், தொலைபேசித் துளைகளுக்கு அருகே ஒரு சிறிய ரிலேயும்தான் இருந்தன. பாதிப் பலகை வெறுமையாகக் கிடந்தது. ஆகவே கார்டை விட்டுவிட்டேன். வெளி மோடத்திற்கு மின் அடாப்டரும் கேபிளும் இல்லை என்று விற்பவர் சொல்கிறார். வீட்டில் ரேடியோவுக்கான 9 வோல்ட் அடாப்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

முதல் மறுமொழி எழுதியவர்:

வோல்ட் எண் ஒத்துப்போவதை மட்டும் பார்த்துச் செருகிவிடாதீர்கள். வெளி மோடம்களில் பல, மாறுதிசை மின்சாரம் தரும் அடாப்டரைக் கேட்பவை. ரேடியோ அடாப்டரோ பெரும்பாலும் நேர்திசை மின்சாரம் தருவது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்ட், மின்சார வகை, மில்லி ஆம்பியர் ஆகிய மூன்றும் இருக்கும். மூன்றையும் பார்த்தே அடாப்டர் வாங்குங்கள். கேபிள் பெரும்பாலும் கணினிப் பக்கம் 9 முனையும் மோடம் பக்கம் 25 முனையும் கொண்டதாக இருக்கும். கம்பிகள் நேராகச் செல்லும் மோடம் கேபிளாகக் கேளுங்கள். இரு கணினிகளை நேரடியாக இணைக்கும் ‘நல் மோடம்’ (null modem) கேபிளில் கம்பிகள் குறுக்கே மாறியிருக்கும், அது உதவாது. பணம் கொடுக்கும் முன், விண்டோஸில் உள்ள ஹைப்பர்டெர்மினல் நிரலைத் திறந்து ஆங்கிலத்தில் ‘ஏடி’ என்று தட்டி என்டர் விசையை அழுத்தச் சொல்லுங்கள். ‘ஓகே’ என்று விடை வந்தால் மோடம் கணினியோடு பேசுகிறது என்று பொருள்; தொலைபேசிப் பகுதி நலமா என்பதை எண்ணைச் சுழற்றிப் பார்த்தே அறிய முடியும்.

கேட்டவர்:

மோடத்தை வாங்கிவிட்டேன். சீட்டில் 9 வோல்ட் மாறுதிசை என்றே இருந்தது. ரேடியோ அடாப்டரைத் தொடாமல் விட்டது நல்லதாயிற்று. முதல் முறை இணைந்தபோது திரையின் மூலையில் 115,200 என்று காட்டியது. மகிழ்ந்துபோனேன், ஆனால் பக்கங்கள் ஆமை வேகத்தில்தான் வந்தன. இது எப்படி?

மூன்றாம் மறுமொழி:

அந்த எண் கணினிக்கும் மோடத்திற்கும் இடையே உள்ள வேகம். தொலைபேசிக் கம்பியில் கிடைக்கும் வேகம் அன்று. மோடம் அமைப்பின் கூடுதல் கட்டளைப் பெட்டியில் ‘டபிள்யூ2’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் பல மோடம்கள் உண்மையான வேகத்தைத் தெரிவிக்கும். அது 33,600 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மோடம் 56கே முறையைக் கைவிட்டுப் பழைய வி.34 முறைக்கு இறங்கியிருக்கிறது. 56கே கிடைக்க வேண்டுமானால் சேவை தருபவருக்கும் உங்களுக்கும் இடையில் ஒலி, எண் வடிவத்திலிருந்து ஒரே ஒரு முறைதான் மாற்றப்பட வேண்டும். இடையே கிளை இணைப்பகம் ஒன்று இருந்தாலே அது பெரும்பாலும் கெட்டுவிடும். வீட்டுக்குள் கம்பி பிரிந்து வேறு தொலைபேசிக்குப் போகிறதா என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்:

கட்டளையைச் சேர்த்ததும் உண்மை வெளிவந்தது: 31,200. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு ஒரு கிளைக் கம்பி போகிறது. நடுவில் அதை யாரோ முறுக்கி ஒட்டுநாடா சுற்றி வைத்திருந்தார்கள், பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. அந்தக் கிளையை அடியோடு கழற்றிவிட்டு, சுவரிலிருந்து வரும் கம்பியை மோடத்தின் ‘லைன்’ துளையிலும் தொலைபேசியை ‘போன்’ துளையிலும் செருகினேன். இப்போது 45,333 காட்டுகிறது, நேற்று இரவு இரண்டு மணி நேரம் ஒருமுறைகூட அறுபடவில்லை. படுக்கையறைத் தொலைபேசி போனதில் வீட்டில் சிறு முணுமுணுப்பு இருக்கிறது. அதற்குப் புதுக் கம்பி இழுத்த பிறகு வேகம் இறங்குகிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.