சினை ஆடு எழவில்லை, பல்லைக் கடிக்கிறது: கையை விட்டுப் பார்க்கலாமா?

கேள்வி (பெகு, மியான்மர்)
வணக்கம். பதினோரு ஆடுகள் வளர்க்கிறேன். அவற்றுள் மூன்றாம் ஈற்றுச் சினையாக இருக்கும் ஓர் ஆட்டுக்கு இன்று 143ஆம் நாள். இரண்டு நாளாகத் தவிட்டை முகர்ந்துவிட்டு விலகிக்கொள்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, கால்கள் வீங்கியிருக்கின்றன, காலை முதல் தூக்கிவிட்டாலும் நிற்கவில்லை. முக்கலும் இல்லை, பனிக்குடமும் உடையவில்லை. குட்டி குறுக்கே கிடக்கிறது, கையை விட்டு எடுத்துவிடு என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மருத்துவர் நாளை மாலைதான் வருவாராம்.

மறுமொழி (மெய்த்திலா)
தம்பி, கையை விடாதீர்கள். முக்காத ஆட்டின் கருப்பைவாய் பெரும்பாலும் மூடியே இருக்கும். வலிந்து நுழைத்தால் கிழிந்துவிடும். நீங்கள் சொல்வது சினைக்கால கீட்டோசிஸ் போலத் தெரிகிறது. கடைசி ஆறு வாரங்களில்தான் குட்டிகள் வேகமாக வளர்கின்றன. இரண்டு மூன்று குட்டி இருந்தால் அவை இரைப்பையை நெருக்குவதால் தாய் தின்பது குறைகிறது, தன் உடற்கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கிறது, கொழுப்பு கரையும்போது இரத்தத்தில் சேரும் கீட்டோன் என்னும் பொருள்கள்தான் அதைப் படுக்க வைக்கின்றன. மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் கீட்டோன் சோதனைப் பட்டையை ஆட்டின் சிறுநீரில் நனைத்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக மாறினால் நாளை மாலை வரை காத்திருக்க முடியாது; மருத்துவரை இன்றே கெஞ்சியாவது அழையுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் ஆற்றல் தரும் நீர்மமான புரொப்பிலீன் கிளைக்கால் 60 மி.லி. வீதம் நாளுக்கு இருமுறை மெதுவாகப் புகட்டலாம். கருப்பட்டிக் கரைசல் அதற்கு ஈடாகாது, இரைப்பையிலேயே புளித்துவிடும்.

மறுமொழி (மோல்மீன்)
மேலே ஐயா சொன்னதே சரி. வலி தொடங்கிய பிறகு பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் ஒன்றும் வெளிவராவிட்டால்தான் கை வைக்க வேண்டும். நகத்தை வெட்டி, கையுறை அணிந்து, வழவழப்புக்கு மருந்துக் களிம்பைத் தடவிக்கொள்ளுங்கள். இரண்டு முன்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் வந்தால் குட்டி சரியாகக் கிடக்கிறது என்று பொருள். வந்திருப்பது எந்தக் கால் என்ற குழப்பம் வரும்: குளம்புக்கு மேலுள்ள இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்கால், எதிரெதிராக மடங்கினால் பின்கால். தலை பின்னால் திரும்பியிருந்தால் காலை மட்டும் இழுப்பது பெரும் பிழை. முக்கலின் இடைவெளியில் குட்டியை உள்ளே தள்ளி, மூக்கைக் கையால் மூடிப் பிடித்து முன்னே திருப்ப வேண்டும்.

கேட்டவர் (பெகு)
நன்றி, ஐயா. பட்டை கருஞ்சிவப்பாயிற்று. யெசின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்த இளம் மருத்துவர் ஒருவர் இரவே வந்து, நரம்பில் குளுக்கோஸும் கால்சியமும் ஏற்றி, ஈனத் தூண்டும் ஊசியும் போட்டார். இரண்டாம் நாள் மூன்று குட்டிகள். இரண்டாவதின் தலை திரும்பியிருந்தது. மருத்துவரே திருப்பி எடுத்தார். மூன்றாவது பிழைக்கவில்லை, அது இன்னும் மனத்தை அறுக்கிறது. நஞ்சுக்கொடி ஆறு மணி நேரத்தில் விழுந்தது. தாய் நிற்கிறது, இலை தின்கிறது. அடுத்த மாதம் ஈனவிருக்கும் வேறு இரண்டு ஆடுகளுக்கும் எவ்வளவு தானியம் வைக்கலாம்?

மறுமொழி (மெய்த்திலா)
ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு புளித்துவிடும். சோளத்தோடு கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு சேர்த்து, ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரு வாரங்களில் கால் கிலோ வரை உயர்த்தி, அதை இரு வேளையாகப் பிரித்து வையுங்கள்.