‘நம்ம வீட்டு ஆளுங்க’ குழுவில்: ஓட்டில்லாத பார்லிமென்ட்

திவ்யா: சித்தப்பா, நாளைக்கு எனக்கு செமினார். இங்கிலாந்து ராணுவத் தளபதி கிராம்வெல் கூட்டுன நியமன பார்லிமென்ட் ஏன் 5 மாசத்துல மூடிடுச்சுன்னு பேசணும். புக்குல ரெண்டே வரி 😭

கணேஷ் சித்தப்பா: 1653 தானே? ஏப்ரல்ல பழைய பார்லிமென்ட்டை சிப்பாய்ங்களை வெச்சு விரட்டிட்டார். தேர்தல் வெச்சா மறுபடி ராஜா ஆட்சி வேணும்ங்கிறவங்க உள்ள வந்துருவாங்கன்னு பயம். ராணுவ அதிகாரிங்களே உக்காந்து பக்திமான்களா பாத்து ஒரு 140 பேரைப் பொறுக்குனாங்க.

மாலா அத்தை: ஓட்டே இல்லாமலா?

கணேஷ் சித்தப்பா: ஆமாக்கா. மேஜர் ஜெனரல் ஹாரிசன், யூதர்களோட பழைய சபை மாதிரி 70 பேர் போதும்னார். இயேசு வந்து ஆளப்போறார், அதுவரை பக்தர்கள் ஆளணும்னு நம்புன கோஷ்டி அவரோடது.

மாலா அத்தை: பஜனை மடம் 😂

கணேஷ் சித்தப்பா: எதிரிங்களும் அப்படித்தான் கிண்டலடிச்சாங்க. பேர்போன்னு ஒரு லண்டன் தோல் வியாபாரி உறுப்பினரா இருந்தார், பிரசங்கமும் பண்ணுவார். சபைக்கே அவர் பேரை வெச்சுட்டாங்க. ஆனா பெரும்பாலானவங்க வசதியான நிலக்காரங்கதான்.

திவ்யா: வேலை ஏதாவது செஞ்சாங்களா?

கணேஷ் சித்தப்பா: நிறைய. கல்யாணம் சர்ச்சுல வேணாம், மாஜிஸ்திரேட் முன்னாடி பண்ணுங்கன்னு சட்டம் போட்டாங்க. பிறப்பு, கல்யாணம், அடக்கம் எல்லாத்துக்கும் பதிவேடு.

மாலா அத்தை: அப்பவே ரெஜிஸ்டர் கல்யாணமா! எங்க அப்பா கிட்ட இதைச் சொல்லியிருக்கணும்.

கணேஷ் சித்தப்பா: வழக்கு இழுத்தடிக்குதுன்னு சொத்து, டிரஸ்ட் வழக்கெல்லாம் பாத்த சான்சரி கோர்ட்டையே ஒழிக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. வக்கீலுங்க கொதிச்சுட்டாங்க. ஆனா கவுத்தது தசமபாகம்.

திவ்யா: விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு பாதிரியாருக்கு, அதானே? அதுல நிலக்காரங்களுக்கு என்ன?

கணேஷ் சித்தப்பா: அங்கதான் விஷயமே. பல ஊர்ல அதை வசூல் பண்ற உரிமை நிலக்காரங்க கையில சொத்தா இருந்துச்சு, வாங்கலாம் விக்கலாம். தசமபாகம் தொடரட்டும்னு சொன்ன, திருச்சபை பத்தின கமிட்டி அறிக்கையோட முதல் ஷரத்து டிசம்பர் 10 அன்னிக்கு 54-க்கு 56-னு தோத்துச்சு. அடுத்து நம்ம சொத்துலதான் கை வைப்பாங்கன்னு மிதவாதிங்க மிரண்டுட்டாங்க.

திவ்யா: அப்புறம்?

கணேஷ் சித்தப்பா: 12-ந்தேதி காலையில, எதிர்கோஷ்டி முழுசா வர்றதுக்குள்ள மிதவாதிங்க சீக்கிரமே வந்து ‘சபை கலையணும்’னு பேசி, சபாநாயகர் ரவுஸோட நேரா வைட்ஹால் அரண்மனைக்கு நடந்து போய் கிராம்வெல் கிட்ட அதிகாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எழுந்திருக்க மாட்டோம்னு உக்காந்திருந்தவங்களை சிப்பாய்ங்க வெளியேத்துனாங்க. நாலே நாள்ல கிராம்வெல் ‘லார்ட் புரொடெக்டர்’, அதாவது ராஜா இல்லாத நாட்டோட தலைவர். ராணுவ ஜெனரல் லாம்பர்ட் அதுக்கான அரசியல் சாசனத்தைத் தயாரா வெச்சிருந்தார்.

மாலா அத்தை: ரெண்டே ஓட்டுல ஒரு ஆட்சியே போச்சா!

திவ்யா: அந்த 54-56ஐத்தான் முதல் ஸ்லைடுல போடப்போறேன் 🙏