மெத்தென்ற இஞ்சி குக்கீஸ்: மொலாசஸ் இல்லாமல், டேபிள் டாப் ஓவனில் எப்படி?

சிப்புட் அடுக்களை:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். தீபாவளி, கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் இஞ்சி குக்கீஸ் ஆர்டர் எடுக்கலாம் என்றிருக்கிறேன். கடித்தால் நொறுங்கும் வகை இல்லை. மேலே வெடிப்பு விட்டு, சீனியில் புரட்டி, நடுவில் மெத்தென்று இருக்கும் வகைதான் வேண்டும்.

இப்போது போடும் அளவு: கோதுமை மாவு (மைதா) 280 கிராம், பட்டர் 170, பழுப்புச் சீனி 200, முட்டை ஒன்று, ஆப்ப சோடா 1 டீஸ்பூன், சுக்குத்தூள் 2 டீஸ்பூன், பட்டைத்தூள் 1, கிராம்புத்தூள் அரை. மொலாசஸ் (கரும்புச் சீனி காய்ச்சும்போது மிஞ்சும் கறுப்புப் பாகு) டவுன் மளிகைக் கடைகளில் இல்லாததால் கூலா மலாக்காவை (தென்னை வெல்லம்) கரைத்து கால் கப் ஊற்றுகிறேன்.

மூன்று தொல்லைகள். தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அடி கறுக்கிறது, மேலே வெளுப்பாகவே நிற்கிறது. சுட்ட அன்று நன்றாக இருப்பது மறுநாள் கெட்டியாகிவிடுகிறது. ஓவன் 40 லிட்டர் டேபிள் டாப். எங்கே கை வைக்க வேண்டும்?

பாகுப் பதம்:

அக்கா, மறுநாள் கெட்டியாவதை முதலில் பார்ப்போம். மற்ற இரண்டும் அதைவிடச் சுலபம்.

மொலாசஸில் சாதாரணச் சீனியோடு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் இரண்டும் இருக்கின்றன. இவை ஈரத்தைப் பிடித்து வைக்கும், மீண்டும் கட்டியாக உறைய விடாது. கூலா மலாக்கா பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது அந்தச் சாதாரணச் சீனிதான். சூட்டில் கரைந்து கிடக்கும் வரை குக்கீ மெத்தென்று இருக்கும். ஆறி ஒரு ராத்திரி போனால் அந்தச் சுக்ரோஸ் திரும்ப உறையும், குக்கீயும் இறுகும். நீங்கள் ஓவனில் எவ்வளவு குறைத்துச் சுட்டாலும் இது தீராது.

மருந்து பாகிலேயே இருக்கிறது. கூலா மலாக்கா 100 கிராமைச் சீவி, தண்ணீர் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன் சேர்த்துச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். புளிப்பும் சூடும் சேர்ந்து சுக்ரோஸில் ஒரு பகுதியை உடைத்து, உறையாத சர்க்கரையாக மாற்றும். கஸ்தூரி எலுமிச்சையும் சரிதான். தண்ணீரும் சீனியும் சேர்ந்து எடை 120 கிராமுக்கு வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள், அடியில் மண்ணும் தூசியும் நிற்கும். வெறும் சட்டியை முதலிலேயே நிறுத்துக் குறித்துக்கொண்டால் இந்த எடையைச் சுலபமாகப் பிடிக்கலாம். கண் அளவு வேண்டுமென்றால், ஆறிய பாகு கரண்டியிலிருந்து தேன் மாதிரி ஒழுக வேண்டும். அதிரசத்துக்கு எடுக்கும் பதம் வரை போகாதீர்கள், அது இந்த வேலைக்கு முற்றிவிட்ட பாகு.

ஒரு ஈடுக்கு இதில் 80 கிராம், கூட தேன் 1 டேபிள்ஸ்பூன். கப்பால் அளக்க வேண்டாம். பாகு இளகலா கெட்டியா என்பதைப் பொறுத்து கால் கப்பின் எடை மாறும், அங்கேதான் ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

இப்போது சோடா. மொலாசஸ் புளிப்புள்ளது, சோடாவுக்கு அது சாப்பாடு. கூலா மலாக்காவில் அவ்வளவு புளிப்பு இல்லை. ஒரு டீஸ்பூன் சோடா போட்டால் மிச்சம் நிற்கும். மிச்ச சோடா மாவைப் பரத்தும், சீக்கிரம் கறுக்க வைக்கும், சாப்பிட்ட பிறகு நாக்கில் சவர்க்கார வாடை விடும். சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் என்று மாற்றுங்கள்.

பட்டரை 150 கிராமாகவும் பழுப்புச் சீனியை 150 கிராமாகவும் குறையுங்கள். கருமையான பழுப்புச் சீனியாக இருந்தால் மொலாசஸ் வாசனை கொஞ்சமாவது வரும். மாவு அதே 280. உப்பு கால் டீஸ்பூன், உப்புப் போட்ட பட்டர் என்றால் அதுவும் வேண்டாம். மொத்தம் 730 கிராம் சுமாருக்கு வரும், 30 கிராம் உருண்டை 24 தேறும்.

ரெண்டாம் மைல்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கூலா மலாக்காவையே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அதன் வாசனை தென்னை வாசனை, ஓண்டே ஓண்டேவுக்கு (உள்ளே கூலா மலாக்கா வைத்த மலாய் உருண்டைப் பலகாரம்) ஜோர். இஞ்சி குக்கீக்கு வேண்டியது கரும்பின் லேசான கசப்பு. இந்திய மளிகைக் கடையில் கிடைக்கும் கறுப்பு வெல்லத்தை வாங்குங்கள். மொலாசஸ் பிரிக்காமல் காய்ச்சுவதால் சுவை அதற்குத்தான் நெருக்கம், உறையாத சர்க்கரையும் அதில் கொஞ்சம் இயல்பாகவே உண்டு. பாகு காய்ச்சும் முறை மேலே சொன்ன அதே முறை. மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லம் வேண்டாம், அதில் இனிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

ஆர்கானிக் கடையில் மொலாசஸ் என்று விற்பது பெரும்பாலும் பிளாக்ஸ்ட்ராப். கடைசிக் காய்ச்சலில் மிஞ்சியது, கசப்பு அதிகம். அதை 80 கிராம் அப்படியே ஊற்றினால் பிள்ளைகள் தொட மாட்டார்கள். 40 கிராம் அது, 40 கிராம் தேன் என்று கலந்தால் நன்றாக வரும், அப்போது சோடாவை முக்கால் டீஸ்பூன் வரை போடலாம்.

இஞ்சி விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் தொடவில்லை. பச்சை இஞ்சியில் காரம் தருவது ஜிஞ்சரால். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாவால் ஆகிறது, அதற்குக் காரம் இன்னும் கூடுதல். அதனால்தான் சுக்கு தொண்டையில் இறங்கிப் பிடிக்கிறது, பச்சை இஞ்சி மூக்கில் நிற்கிறது. குக்கீக்கு இரண்டும் வேண்டும். சுக்குத்தூள் 2 டீஸ்பூனோடு, பெந்தோங் ஊர் இஞ்சியைத் துருவி 2 டீஸ்பூன் சேருங்கள். துருவியதைக் கையால் பிழிந்து சாற்றை எடுத்துவிட்டு சக்கையை மட்டும் போடுங்கள், சாறும் சேர்ந்தால் மாவு தளரும். அந்தச் சாற்றைத் தேநீரில் விட்டுக்கொள்ளலாம்.

சுக்கை வீட்டில் அரைத்தால் நைஸ் சல்லடையில் சலிக்காமல் விடாதீர்கள், நார் பல்லில் மாட்டும். பாக்கெட் தூள் என்றால் திறந்து முகர்ந்து பாருங்கள், மூக்கில் சுருக்கென்று ஏறாவிட்டால் அது வெறும் பழுப்பு மாவு. கிராம்பு அரை டீஸ்பூன் அதிகம். புதிதாக இடித்தது என்றால் கால் போதும், அதற்கு மேல் போனால் பல் டாக்டர் அறை வாசனைதான் வரும். மிளகுத்தூள் இரண்டு சிட்டிகை போட்டால் காரம் பின்னால் வந்து நிற்கும், அது என் ருசி.

சூட்டுக் கணக்கு:

பரந்து ஒட்டுவதற்கு வருவோம் தங்கச்சி. மேலைநாட்டு செய்முறையில் பட்டரை அறை வெப்பத்தில் வை என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. நம் அடுக்களை மத்தியானம் 31, 32. அதில் அரை மணி வைத்த பட்டர் பாதி எண்ணெய்.

பட்டரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டாக வெட்டி 10 நிமிடம், அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கக் கூடாது. சீனியோடு 2 நிமிடம் அடித்தால் போதும். பஞ்சு மாதிரி அடித்துக்கொண்டே இருப்பது கேக்குக்கு. கலவை மினுமினுப்பாகத் தெரிந்தால் பட்டர் உருகுகிறது, பாத்திரத்தோடு 10 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். பாகு முழுவதும் ஆறியிருக்க வேண்டும், வெதுவெதுப்பாக ஊற்றினாலும் இத்தனையும் வீண். மாவு போட்ட பிறகு வெள்ளை மறையும் வரைதான் கிளறல்.

பிசைந்ததை மூடி 2 மணி நேரம் குளிர வையுங்கள். பிறகு 30 கிராம் உருட்டி, சீனியில் புரட்டி, மறுபடி 15 நிமிடம். தட்டில் இரண்டுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர். பலரும் தவறவிடுவது இன்னொன்று: முதல் ஈடு இறக்கிய சூடான தட்டிலேயே அடுத்த உருண்டையை வைப்பது. ஓவனுக்குள் போகும் முன்பே அடி உருகிவிடும். இரண்டு தட்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அடி கறுத்து மேலே வெளுப்பது ஓவன் குணம். டேபிள் டாப்பில் கீழ்க்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, குமிழில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், பேக்கரி சாமான் கடைகளில் விலை அதிகமில்லை. மேல் கீழ் இரண்டு கம்பியும் போட்டு, விசிறி இல்லாமல், 20 நிமிடம் முன்சூடு. தெர்மாமீட்டர் 175 காட்டியதும் நடுத்தட்டில் வையுங்கள். விசிறியை அணைக்க முடியாத ஓவன் என்றால் 160. அப்போதும் அடி கறுத்தால் ஒரே அளவுத் தட்டு இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சுடுங்கள், இடையில் நிற்கும் காற்று சூட்டைத் தணிக்கும். தட்டு ஓவன் சுவரை ஒட்டியிருந்தால் சூடு மேலே ஏற வழி இருக்காது, நாலு பக்கமும் 2 சென்டிமீட்டராவது இடம் விடுங்கள்.

நேரம் 10 முதல் 11 நிமிடம், 9ஆவது நிமிடத்திலேயே கண்ணாடி வழியாகப் பார்க்கத் தொடங்குங்கள். ஓரம் நின்றிருக்க வேண்டும், வெடிப்பின் உள்ளே ஈரமாக, வேகாத மாதிரி தெரிய வேண்டும். அதுதான் இறக்கும் நேரம். வெந்துவிட்டதாகத் தெரியும் வரை காத்திருந்தால் அது மொறுமொறு குக்கீ. தட்டிலேயே 5 நிமிடம் விடுங்கள், மிச்ச வேக்காடு அங்கே முடியும். அதற்கு முன் எடுத்தால் உடையும்.

முழு ஈடும் போடும் முன் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். அப்பளமாகப் பரந்தால் மிச்ச மாவில் 1 டேபிள்ஸ்பூன் மாவு சேர்த்து இன்னும் குளிர வையுங்கள். உருண்டை அப்படியே நின்றால் மாவு கூடிவிட்டது, அடுத்ததை டம்ளர் அடியால் லேசாக அழுத்தி வையுங்கள்.

சிப்புட் அடுக்களை:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். முட்டை சேர்க்காதவர்களுக்கு என்ன போடலாம்? எத்தனை நாள் முன்பே சுட்டு பாலாங்கில் (மூடி போட்ட பலகாரப் போத்தல்) அடைக்கலாம்? முறுக்கு, நெய் உருண்டையோடு ஒரே ஹாம்பரில் (பரிசுக் கூடை) போகும்.

பாகுப் பதம்:

முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 50 கிராம். தண்ணீராக இருந்தால் துணியில் கட்டி ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். தயிர் புளிப்பு என்பதால் சோடாவை முக்கால் டீஸ்பூன் ஆக்கி, பேக்கிங் பவுடரைக் கால் ஆக்குங்கள். முட்டை இல்லாதது கொஞ்சம் உதிரும் தன்மையோடு வரும், ஆறும் வரை தொடாமல் விட்டால் பிடித்துக்கொள்ளும். தனிப் பாத்திரம், தனித் தட்டு வைத்துக்கொள்ளுங்கள், விரதக்காரர்கள் அதைக் கேட்பார்கள்.

சூட்டுக் கணக்கு:

முறுக்கோடு ஒரே பாலாங்கில் மட்டும் போடாதீர்கள். மெத்தென்ற குக்கீயின் ஈரம் முறுக்குக்குப் போகும். குக்கீ காயும், முறுக்கு நமுக்கும், இரண்டும் கெடும். ஹாம்பர் ஒன்றாக இருக்கட்டும், போத்தல் தனித்தனியாக.

அடைக்கும் முன் குக்கீ முழுக்க ஆறியிருக்க வேண்டும், கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது. வெதுவெதுப்போடு மூடினால் மூடியில் வியர்க்கும், மேல் சீனி கரைந்து பிசுபிசுக்கும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். வெளியில் ரொம்ப நேரம் விட்டாலும் நம் மழைக்காலக் காற்றில் சீனி ஈரம் இழுக்கும், அதனால் ஆறியதும் அடைத்துவிடுங்கள். அடுக்குக்கு அடுக்கு பேக்கிங் பேப்பர். நெய் பலகாரம் போல மூன்று வாரம் தாங்கும் சாமான் இல்லை இது. 5 நாளுக்குள் சாப்பிடச் சொல்லி மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

ஆர்டர் அதிகம் என்றால் மாவை முன்கூட்டியே உருட்டித் தட்டில் உறைய வைத்து, பிறகு பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள், ஒரு மாதம் நிற்கும். சீனியில் புரட்டுவது சுடும் அன்றுதான். உறைந்ததை 10 நிமிடம் வெளியில் வைத்துப் புரட்டி, வழக்கத்தைவிட 1 அல்லது 2 நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள்.

ரெண்டாம் மைல்:

புரட்டும் சீனி சாதாரணக் கல் சீனியாகவே இருக்கட்டும். ஐசிங் சீனி வேண்டாம், ஓவனிலேயே காணாமல் போய்விடும்.